இருபத்திரண்டு விநாடி அசல் கண்ணீர்

சின்னத்திரை உணர்வுத் தர வாரியம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் நீளமாக இருந்ததால் முதலெழுத்துகளை மட்டும் பலகையில் எழுதச் சொன்னார்கள். பலகை எழுதியவர் புள்ளிகளுக்குத் தனிக் கூலி கேட்டார். வாரியம் கூடி மூன்று மணி நேரம் விவாதித்துப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து கோலசிலாங்கூர் கடைத்தெருவில், சூப்புக்கான பறவைக்கூடு விற்கும் கடையின் மேல்மாடியில், ‘சிஉதவா’ என்ற பலகை தொங்குகிறது. எதிரே ஹபீபுல்லாவின் உணவகத்தில் தேத்தண்ணி குடிப்பவர்கள் அதை ‘ச்சீ, உதவா’ என்றுதான் படிக்கிறார்கள்.

நாடகங்களில் வரும் உணர்ச்சி அசல்தானா என்று பார்ப்பது வாரியத்தின் வேலை. சிரிப்புப் பிரிவில் ஒரே ஓர் ஆள், அவரும் பகுதி நேரம். கோபத்துக்கு இரண்டு பேர். கண்ணீர்ப் பிரிவில் மட்டும் பதினொரு பேர். வாரியத்தின் வேதப் புத்தகம் சுற்றறிக்கை ஒன்பது. அது சொல்வது இது: சிறுவர் நாடகம் என்றால் முதல் பாகத்திலேயே ஒரு குழந்தை குறைந்தது இருபத்திரண்டு விநாடி அசல் கண்ணீர் சிந்த வேண்டும். கிளிசரின் கூடாது, வெங்காயம் கூடாது, கொட்டாவியில் வந்த நீர் கணக்கில் சேராது. அழுத நேரம் முழுவதும் குழந்தை மகிழ்ச்சியாக இருந்தது என்று பெற்றோர் நான்கு படிகளில் கையொப்பமிட வேண்டும்.

அது ஏன் இருபத்திரண்டு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஹபீபுல்லாவின் மகள் ரிஸ்வானாவைத்தான் காட்டியிருப்பார்கள். அந்த இருபத்திரண்டு அவள் கண்ணிலிருந்து வந்தது.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், ஆறு வயதில், ‘யாருமில்லா அஞ்சு’ என்ற தொடரில் தோட்டத்து அநாதையாக நடிக்க ரிஸ்வானாவைப் பிடித்துவந்தார்கள். அவளோ கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். டைரக்டர் இராமையா அவளுடைய உம்மா நஜீபாவைக் கறிபாப் பலகாரம் வாங்கிவர அனுப்பினார். பிறகு குழந்தையின் முன் குந்தி, தலையில் கை வைத்து, “பாப்பா, ஒங்க உம்மா பிளேன் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க. ஒன்ன வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றார்.

குழந்தை அழுதது. இருபத்திரண்டாவது விநாடியில் கேமராவில் நாடா தீர்ந்துபோயிற்று. தீராமல் இருந்திருந்தால் சட்டம் எத்தனை விநாடியில் போய் நின்றிருக்குமோ.

அந்த அழுகையில் நாடு நனைந்தது. சந்தையில் மீன்காரர், “ஒருக்கா அழு பாப்பா, கெம்பொங் மீன் அரைக் கிலோ சும்மா தர்றேன்” என்றார். கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு அழுகை வரவில்லை என்றால் ரிஸ்வானாவைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். புக்கிட் செந்தோசாவில் ஒரு கடைத் திறப்பு விழாவில் கத்தரிக்கோல் கிடைக்காமல் அவள் அழுதே ரிப்பனை அறுத்தாள் என்று சொல்பவர்களும் உண்டு. பன்னிரண்டு வயதில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: ‘தங்கள் கண்ணீருக்கு வயதாகிவிட்டது. சேவைக்கு நன்றி.’ அவளை அழவைத்த இராமையா பின்னாளில் டத்தோ பட்டம் வாங்கி, அதே வாரியத்துக்குத் தலைவராகிவிட்டார்.

கறிபாப் பொட்டலத்தோடு நஜீபா திரும்பி வந்ததை மட்டும் யாரும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. குழந்தை அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்த்து, விமான நிலையக் குடிநுழைவு அதிகாரி போல, “ஒங்க பேரு என்ன? வாப்பா பேரு என்ன? நம்ம கடையில எத்தன நாற்காலி?” என்று விசாரித்தது. இன்றைக்கு முப்பத்து நான்கு வயதிலும் ரிஸ்வானா ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்து, “உம்மா, எங்க இருக்கீங்க?” என்று கேட்கிறாள். நஜீபாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “என் மவள மாதிரி பாசக்காரி உண்டா?” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறாள்.

பின்னணிக் குரல், உடைகளுக்குப் பொறுப்பு, நடிகர்களைக் கூட்டிவரும் வேன் என்று எல்லா வேலையும் பார்த்து, ரிஸ்வானா கடைசியில் தயாரிப்பாளரானாள். சொந்த நிறுவனம், சொந்த வேன், டைரக்டரும் அவளே. வேனின் கதவில் முதல் வேலையாக ஒரு வாசகத்தை ஒட்டினாள்: ‘எங்கள் படப்பிடிப்பில் குழந்தைகளிடம் பொய் சொல்லப்படாது.’ இரண்டு வருடம் வாரியத்தின் படிகளை ஏறி இறங்கிப் பள்ளி விடுமுறை ஒளிபரப்பில் ஒரு நாடகத்துக்கு இடம் வாங்கினாள். முதல் பாகத்துக்கு முத்திரை விழவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விழாவிட்டால் அந்த இடம் ஒரு சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விடும்.

படப்பிடிப்பு புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, ஏழாங்கட்டைத் தோட்டத்தில். கதாநாயகி எட்டு வயது லோகேஸ்வரி. அப்பா செல்வா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அம்மா குமுதா நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள், நாடகத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் வந்துபோகிறாள். லோகேஸ்வரி எதற்கும் சிரிக்கிற பிள்ளை. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், கண் மூடினால் கண்ணீருக்கு வழி ஏது?

வெள்ளிக்கிழமை நான்கு மணி. காட்சிப்படி அண்ணன் விடுதிப் பள்ளிக்குப் போகிறான், தங்கை அழவேண்டும்.

“அண்ணன் போனா கட்டில் எனக்குத்தானேக்கா. நான் ஏன் அழுவணும்?” என்றாள் லோகேஸ்வரி.

வாரியத்தின் கண்ணீர்க் கண்காணிப்பு அதிகாரி மகேந்திரன் பனைமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் விநாடி காட்டும் கடிகாரம், மறு கையில் கண்ணீர் பிடிக்கும் கண்ணாடிக் குழாய். உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

“மேடம், அஞ்சு மணிக்கு என் வேல நேரம் முடியுது. அதுக்கப்பறம் வர்ற கண்ணீர் ஓவர்டைம்” என்றார்.

“புள்ளைக்கு வரலையே சார். வேற மாதிரி காட்சி எடுத்தா என்ன? அவ சிரிச்சிக்கிட்டே அண்ணன அனுப்பறாப்பல?”

“சிரிப்பு வேற பிரிவு. அந்த ஆபீசர் லீவுல இருக்காரு.” மகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க யாரையும் அழ வைக்கல. அழுவற வாய்ப்ப உருவாக்கித் தர்றோம். என் வீட்டையே எடுத்துக்குங்க, என் பிள்ளைங்க ரெண்டும் அழுததே கெடையாது. நான் வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டாப் போதும், வீட்டுக்குள்ள மூச்சு விடற சத்தம்கூட இருக்காது.”

சோக இசை போட்டார்கள். லோகேஸ்வரி ஆடினாள். மகேந்திரன் சுற்றறிக்கை ஒன்பதை முழுதாக வாசித்துக் காட்டினார். ஒலிப்பதிவாளருக்கு அழுகை வந்தது, பிள்ளைக்கு வரவில்லை. மணி நான்கு முப்பத்தைந்து.

இந்த இடத்தில் டத்தோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரியத்தின் டத்தோ அல்ல, லோகேஸ்வரியின் டத்தோ. அது ஒரு சேவல். செல்வாதான் பெயர் வைத்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கும். வைத்ததைச் சாப்பிடும், நெஞ்சை நிமிர்த்தும், ஒரு முறை கூவும், போய்விடும். வேலை எதுவும் செய்யாது. வேறு என்ன பெயர் வைப்பது? குடும்பமே அதை ‘டத்தோ வந்துட்டாரா, டத்தோ சாப்ட்டாரா’ என்று மரியாதையாகத்தான் பேசும். இடது காலில் நடுவிரல் கிடையாது. லோகேஸ்வரி பள்ளிக்கூட வேனில் ஏறும்வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பும். அன்று காலையிலிருந்து வசனத்துக்கு நடுவில் கூவிக் கெடுத்ததால், லோகேஸ்வரி பார்க்காத நேரத்தில் அதைப் பிடித்து ரிஸ்வானாவின் வேனுக்குள் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

நான்கு நாற்பது. ரிஸ்வானா வேனைப் பார்த்தாள், மகேந்திரனின் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் முன்னால் போய்க் குந்தினாள். அவள் கை, யாரோ பழக்கிவைத்ததுபோல, தானாகப் பிள்ளையின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

“லோகேஸ்... டத்தோ லோரியில அடிபட்டுட்டாரு. போயிட்டாரு.”

லோகேஸ்வரியின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, வேடிக்கைப் பேச்சின் மிச்சத்துக்குக் காத்திருப்பது போல. மிச்சம் வரவில்லை.

“டத்தோ செத்துட்டாரா?” என்றாள். பிறகு அதையே கத்தினாள்.

இருபத்திரண்டு விநாடி போயிற்று. நாற்பது போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. ‘கட்’ சொல்ல வேண்டிய ரிஸ்வானா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேமராக்காரரோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கேமராவில் நாடா இல்லை, தீர்ந்துபோக. நான்கு நிமிடம் ஓடியது. மகேந்திரன் ஒரு குழாயை நிரப்பி மூடி, சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, “முதல் தரம்” என்று எழுதினார். கேமராவின் நினைவக அட்டையை அங்கேயே அரக்கு வைத்து முத்திரையிட்டு வாங்கிக்கொண்டார். அசல் கண்ணீர் வாரியத்தின் சொத்து.

ரிஸ்வானா வேனுக்கு ஓடினாள். கதவைத் திறக்கும்போது வாசகம் கண்ணுக்கு நேரே வந்தது. அதைப் பார்க்காமல் கூடையைத் தூக்கி, சேவலை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“இந்தா பாரு லோகேஸ். டத்தோ இருக்காரு. அக்கா பொய் சொன்னேன்.”

லோகேஸ்வரி விக்கலோடு சேவலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது டத்தோ இல்ல.”

“டத்தோதாம்மா. கால பாரு, நடுவிரல் இல்ல பாரு.”

பிள்ளை காலைப் பார்த்தது. பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தது. “வேற சேவல வாங்கி, விரல வெட்டிக் கொண்டாந்திருக்கீங்க.”

குமுதா குறுக்கே வந்தாள். “ஏய், பைத்தியம். நம்ம டத்தோதான்டி இது.”

“நீங்களும்தான் நாடகத்துல நடிக்கிறீங்க” என்றாள் மகள்.

இதற்குள் பனைமர நிழலில் இன்னொரு காரியம் நடந்துவிட்டது. மகேந்திரன் காதில் விழுந்தது ஒரே வரி: டத்தோ லோரியில் அடிபட்டுச் செத்துப்போனார். லயத்தில் ஒரு சேவல் அந்தப் பட்டத்தோடு உலவுவது அவருக்குத் தெரியாது. அவர் வாரியத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘நம் டத்தோ சாலை விபத்தில் காலமானார். ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சிறுமிகூடக் கதறுகிறாள்.’ எழுதிவிட்டு, மணி ஐந்தானதால், போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

டத்தோ இராமையாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாமே என்றால், அவர் பத்தாங் காலியில் ஒரு மன அமைதிப் பட்டறையில் இருந்தார். அங்கே எல்லாருடைய போனையும் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அவர் போன் எடுக்காததையே மரணத்துக்கு ஆதாரமாக வாரியம் ஏற்றுக்கொண்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாரியத்தின் மேல்மாடியில் அஞ்சலிக் கூட்டம். எதிரே ஹபீபுல்லாவின் கடையிலிருந்து பலகாரம் போயிற்று. வாப்பா சொல்லித்தான் ரிஸ்வானாவுக்கு விஷயமே தெரிந்தது. கேட்டதும் அவளுக்கு எந்த டத்தோ என்று விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்லி, அந்தக் காட்சியையும் திருப்பி வாங்கிவிடலாம் என்று படியேறினாள்.

துணைத் தலைவர் அன்னம்மா பேசிக்கொண்டிருந்தார். தலைவரின் நாற்காலி உயரம் அவருக்கு ஏற்றபடி அதற்குள் குறைக்கப்பட்டிருந்தது.

“டத்தோ இன்னிக்கி நம்ம கூட இல்ல. இருந்தப்பவும் அவ்வளவா நம்ம கூட இல்ல. பட்டறை, மாநாடு, வெளிநாட்டு ஆய்வுன்னு நமக்காக ஓடிக்கிட்டே இருந்தாரு. தலைவர் இல்லாம வேல செய்யறது எப்படின்னு பதினாலு வருசமா நமக்குக் கத்துக்குடுத்தவரு அவரு. அதனால எந்த வேலையும் நிக்காது. நின்னுக்கிட்டு இருக்கற வேலைங்க அப்படியே தொடரும்.”

கைதட்டல் எழுந்து, இடம் தெரிந்து அடங்கியது. அடுத்தது இருபத்திரண்டு விநாடி அசல் கண்ணீர் அஞ்சலி. மகேந்திரன் கடிகாரத்தை அழுத்தினார். ஒருவருக்கும் வரவில்லை. கண்ணீர்ப் பிரிவின் பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகேந்திரன் ஏடுகளைப் புரட்டி, “சுற்றறிக்கை ஒன்பது சிறுவர்களுக்கு மட்டுந்தான் பொருந்தும்” என்று கண்டுபிடித்தார். உடனே தட்டில் கிளிசரின் வந்தது.

அந்த நேரத்தில்தான் டத்தோ இராமையா பட்டறை முடிந்து வந்து சேர்ந்தார். ஏதோ துக்கம் என்று கண்டு, பண்பாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தட்டு வந்ததும் தாமும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார்.

“யாருலா போயிட்டா?” என்று பக்கத்தில் கேட்டார்.

“டத்தோ” என்றார் பக்கத்துக்காரர், கண்ணெரிச்சலில் திரும்பாமல்.

“எந்த டத்தோ?”

ரிஸ்வானா ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டாள். “யாரும் சாவல. டத்தோங்கறது ஒரு சேவல். அதுவும் சாவல. அந்தப் புள்ள அழணும்னு நான் பொய் சொன்னேன். நாலு நிமிசம் அழுதுச்சு. ஆறு வயசுல என்கிட்ட சொன்ன மாதிரியே சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். அந்தக் காட்சி ஒளிபரப்பாகக் கூடாது. இடம் போனாப் போவட்டும்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் டத்தோ எழுந்து நின்றார். அன்னம்மா நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “கூட்டக் குறிப்புல ஏறிடுச்சு டத்தோ. இப்ப எப்படி?” என்றார்.

டத்தோ அதைக் காதில் வாங்கவில்லை. கிளிசரின் வழியும் கண்களோடு நேரே ரிஸ்வானாவிடம் வந்து, அவள் தலையில் கை வைத்தார்.

“நாலு நிமிசமா? என்னோடது இருபத்திரண்டுதான். என்னையே தாண்டிட்டியே. நீ என் வாரிசுலா.” பிறகு நிஜமான ஆவலோடு கேட்டார்: “அன்னிக்கி ஒங்கிட்ட நான் என்னத்தச் சொல்லி அழ வெச்சேன்? எனக்கே மறந்துபோச்சு.”

ரிஸ்வானா காட்சியைத் திரும்பத் தரும்படி மட்டும் மறுபடி கேட்டாள். அதற்குப் படிவம் உண்டு என்றார்கள். பூர்த்தி செய்தாள். தலைவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். டத்தோ தாராளமாகப் பேனாவை எடுத்தார். மகேந்திரன் தடுத்தார்: கோப்பின்படி தலைவர் காலமாகிவிட்டார். காலமானவர் கையொப்பமிட்டால் வாரியத்தின் நம்பகத்தன்மை என்ன ஆவது? அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று தேவை, அந்தச் சான்றில் தலைவர் கையொப்பமிட வேண்டும்.

ஆகவே நாடகம் விடுமுறையின் முதல் நாளே ஒளிபரப்பானது. மலேசியாவே லோகேஸ்வரியோடு சேர்ந்து அழுதது. ரிஸ்வானாவுக்கு ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் விருதைக் கொடுத்தார்கள். விருதோடு உறையில் ஒரு தாளும் இருந்தது. சுற்றறிக்கை ஒன்பதுக்குத் திருத்தம்: ‘தரம் உயர்ந்துவிட்டதை முன்னிட்டு, இருபத்திரண்டு விநாடி என்பது இனி இருநூற்று நாற்பது விநாடி என வாசிக்கப்பட வேண்டும்.’ அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

டத்தோவின் சிக்கல் இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த பட்டமளிப்புப் பட்டியலில் அவருக்கு டத்தோவைவிட உயர்ந்த டான் ஸ்ரீ பட்டம் கிடைத்தது. வாரியம் டான் ஸ்ரீ என்ற பெயரில் புதுக் கோப்பைத் திறந்து, பழைய கோப்பில் இருந்த டத்தோவை அமைதியாக உறங்கவிட்டது.

லயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. என்ன சொல்லியும் மகள் நம்பாததால், செல்வா ஒரு நாள் அலுத்துப்போய், “சரி தாயி, இது புதுசுதான். இதுக்குப் பேரு டான் ஸ்ரீ. போதுமா?” என்றான். லோகேஸ்வரி ஒத்துக்கொண்டாள். புதியவரிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். வேன் வரைக்கும் கூடவர மட்டும் விடவில்லை.

ரிஸ்வானா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏழாங்கட்டைக்குப் போகிறாள். பழைய படங்களைக் காட்டுகிறாள், இறகின் நிறத்தைக் காட்டுகிறாள். “சரிக்கா” என்கிறாள் பிள்ளை. இப்போது அவள் எதற்கும் உடனே சிரிப்பதில்லை. ‘அம்மா கூப்பிடறாங்க’ என்று ரிஸ்வானா சொன்னால், முதலில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறாள், பிறகுதான் போகிறாள்.

போன வெள்ளிக்கிழமை லோகேஸ்வரி வீட்டுக்குப் பின்னால், செம்பனை மரத்தடியில், குந்தி உட்கார்ந்திருந்தாள். சின்ன மண்மேடு, மேலே ஒரு செம்பருத்தி. டத்தோவின் கல்லறை. உள்ளே ஒன்றும் இல்லை, மேலே தினமும் ஒரு பிடி சோறு. டான் ஸ்ரீ தள்ளி நின்று சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரிஸ்வானாவும் பக்கத்தில் குந்தினாள். ஏதாவது சொல்ல வந்தாள். வாயில் வந்ததெல்லாம் ஏற்கெனவே சொன்ன பொய்யைப் போலவே இருந்தது. கை போனை எடுத்தது.

“உம்மா, எங்க இருக்கீங்க?”

“கடையிலதாம்மா. வேற எங்க போவப்போறேன்?”

அவள் போனை வைக்கும்வரை லோகேஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். “யாருக்கா அது?”

“என் உம்மா.”

“போன்ல பேசுனது அவங்கதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரிஸ்வானா போனைத் திருப்பி, அதில் உம்மாவின் பெயரைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் டான் ஸ்ரீ மேட்டின்மேல் ஏறிவிட்டது.

“சூ, போ. அது டத்தோவோடது” என்று லோகேஸ்வரி கையை ஓங்கினாள்.

டான் ஸ்ரீ அசையவில்லை. தம் கல்லறைமேல் நின்று கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார், நெஞ்சை நிமிர்த்தினார், ஒரு முறை கூவினார், போய்விட்டார்.